அணைக்காமல் வைத்த விளையாட்டு

என் வயதை ஒத்தவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். நான் மூன்றாம் படிவத்தோடு, பதினைந்து வயதில், பள்ளிக்கூடத்தை விட்டவள். இன்றைக்குப் பினாங்கில் எனக்கு ஏழு பள்ளி வேன் ஓடுகிறது. முதல் வேனை நானேதான் ஓட்டினேன், வயிற்றில் பிள்ளையோடு. பட்டம் வாங்கிய இரண்டு பேர் இப்போது என்னிடம் சம்பளம் வாங்குகிறார்கள். எந்த வேன் எந்த வீட்டில் தொடங்கி எந்தச் சந்தில் திரும்பினால் எல்லாப் பிள்ளையும் மணி அடிப்பதற்குள் போய்ச் சேரும் என்பதைத் தாளில் எழுதாமல் தலைக்குள்ளேயே போட்டுவிடுவேன். இந்தத் தலைக்கு அந்த வேலை வரும் என்று பன்னிரண்டு வயதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிய வைத்தது பள்ளிக்கூடம் இல்லை. ஒரு டிவி கேம்.

என் பேரப்பிள்ளைகள் கைத்தொலைபேசியில் கோட்டை கட்டுகிறார்கள், ஊர் கட்டுகிறார்கள். கட்டியதில் எங்கேயோ இருக்கிற பிள்ளைகளை வந்து ஓடச் சொல்கிறார்கள். ஏதோ இவர்கள்தான் கண்டுபிடித்த மாதிரி என்னிடம் காட்டுகிறார்கள். நான் அதை எண்பதுகளிலேயே செய்தவள். பினாங்குப் பாலம் புதிதாக வந்திருந்த நேரம். மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் ஒரு துணிக்கடையின் மாடியில் உட்கார்ந்து நான் கட்டியதை உடைத்து வெளியே வர அந்தத் தெருவில் ஒரு ஆள் இல்லை.

இந்தப் பெருமையை எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத எழுத வேறொன்று வருகிறது. சரி, வரட்டும்.

கீழே துணிக்கடை. அப்பா அதில் விற்பனையாளர். முதலாளி எங்களுக்கு மாடியைக் குடியிருக்கக் கொடுத்திருந்தார். மேலே நடந்தால் கீழே பட்டுப்புடவை எடுக்க வந்தவர்கள் அண்ணாந்து பார்ப்பார்கள், அப்படிப்பட்ட பலகைத் தரை. வெயில் ஏறினால் பலகைக்கு இடையில் புதுத்துணிக் கஞ்சி வாசமும் பக்கத்துக் கடை ஊதுவத்தி வாசமும் சேர்ந்து மேலே வரும். முதலாளி போட்ட சட்டம் ஒன்றே ஒன்று: மேலே நெருப்பு கூடாது. அம்மா சமைத்ததெல்லாம் பின்பக்கம், கூரை இல்லாத சிமெண்டுத் தரையில்.

மாடியில் ஒரு கூடம். கூடத்தின் கடைசியில் ஒட்டுப்பலகையால் ஒரு தடுப்பு. தடுப்புக்கு அந்தப் பக்கம் சாமி இடம். அங்கேதான் என் அத்தை படுத்துக்கொள்வார். அப்பாவின் ஒரே தங்கை, அப்போது இருபத்தைந்து இருபத்தாறு வயது. அத்தையின் கணவர், என் மாமா, சரக்குக் கப்பலில் வேலை. ஏழெட்டு மாதத்துக்கு ஒரு முறை வருவார், மூன்று வாரம் இருப்பார், சிங்கப்பூர் பஸ் ஏறிப் போய்விடுவார். தனி வீடு பார்க்கும் வரை அத்தை எங்களோடு இருந்தார்.

மாமா வந்தால் அவர் பையில் என்ன இருக்கும் என்று தெருவுக்கே ஆவல். எனக்குப் பன்னிரண்டு வயதில் வந்த தடவை ஜப்பானிலிருந்து டிவியில் மாட்டும் விளையாட்டுப் பெட்டி ஒன்றும், இரும்பாலான இன்னொரு பெட்டியும் கொண்டுவந்தார். அந்த ஊர்க் கரண்டு வேறு, நம் ஊர்க் கரண்டு வேறு. நடுவில் இந்த டிரான்ஸ்ஃபார்மரைப் போடாவிட்டால் விளையாட்டுப் பெட்டி வெந்துபோகும் என்று சொல்லி அதைத் தரையில் வைத்தார். தூக்கிப் பார்த்தேன், அம்மியின் பாதிக் கனம் இருந்தது. போட்டதும் மெல்ல உறுமியது. டப்பாவில் தேனீயை அடைத்துவைத்த மாதிரி.

விளையாட்டு இதுதான். குட்டி மனிதன் ஒருவன் செங்கல் தளங்களில் ஓடி, ஏணி ஏறி, சாவிகளைப் பொறுக்கிக்கொண்டு கதவுக்குப் போய்ச் சேர வேண்டும். மூன்று காவல்காரர்கள் துரத்துவார்கள். அது எல்லாருக்கும் வரும். மாமா காட்டியது பட்டியலின் கடைசி வரியை. அதை அமுக்கினால் திரை வெறும் கறுப்பாகிவிடும். செங்கல் எங்கே, ஏணி எங்கே, சாவி எங்கே என்று நாமே வைக்கலாம்.

"மருமகளே, விளையாட யாருக்கும் தெரியும். இதுல நீயே கட்டலாம். நீ கட்டு, நான் ஓடுறேன். நான் மாட்டிக்கிட்டா நீ ஜெயிச்ச."

அரை மணி நேரம் அவரைத் திரும்பி உட்காரச் சொல்லிவிட்டுக் கட்டினேன். மூன்று முறை ஓடினார். மூன்று முறையும் ஒரே குழியில் விழுந்து மேலே வர வழியில்லாமல் நின்றார்.

"கப்பல்ல ஒரு நாளைக்கு ஆறு மாடி ஏறி எறங்குறவன் நான். என்னையே குழியில போட்டுட்டியே பாப்பா."

அத்தை தடுப்போரம் சாய்ந்துகொண்டு, "நல்லா போடு. அப்பவாவது ஒரு எடத்துல நிக்கட்டும்" என்றார். எல்லாரும் சிரித்தோம்.

அந்தப் பெட்டிக்கு ஒரு குறை உண்டு. நாம் கட்டியதை அது வைத்துக்கொள்ளாது. சுவிட்சை அணைத்தால் எல்லாம் போய்விடும். கப்பலுக்குக் கிளம்பும் அன்று மாமா என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். "ஜப்பான் கடையில ஒரு டேப் பெட்டி பாத்தேன். இதோட மாட்டுனா நீ கட்டுனது கேசட்டுல அப்படியே நிக்குமாம். அடுத்த தடவ கொண்டாறேன். அதுக்குள்ள எனக்குன்னு பெருசா ஒண்ணு யோசிச்சு வையி." அதுதான் அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது.

அடுத்த சில மாதங்கள் நான் அந்தத் தெருவுக்கு ராணி. தினமும் ஆறு மணியிலிருந்து ஏழு மணி வரை எனக்கு டிவி. எதிர்க்கடை இரும்புச்சாமான் விற்கும் சீனர் வீட்டுப் பையன், என்னைவிட இரண்டு வயது மூத்தவன், படியேறி வந்துவிடுவான். நான் கட்டுவேன், அவன் விழுவான். "இது தாக் போலே லா, முடியாது, வழியே இல்ல, நீ ஏமாத்துற" என்பான். கையிலிருந்து வாங்கி ஓடிக் காட்டுவேன். வழி எப்போதும் ஒன்று இருக்கும், ஒன்றே ஒன்று. சாவிகளைச் சரியான வரிசையில் எடுக்க வேண்டும். வரிசை மாறினால் கீழே குழி, ஏணி இல்லை. அப்படிக் கட்டுவதுதான் என் கைவேலை.

கட்டியதைக் கட்டம் போட்ட கணக்கு நோட்டில் வரைந்து வைப்பேன். மறுநாள் அதைப் பார்த்து மறுபடி செங்கல் செங்கலாக வைப்பேன். வைத்து முடிப்பதற்குள் மணி ஏழாகிவிடும். பிறகு அந்த நோட்டும் போனது. வகுப்பில் வாத்தியார் பிடித்துக்கொண்டு, "இது என்ன கணக்கு?" என்றார். "மாளிகை சார்" என்றேன். வகுப்பே சிரித்தது. நோட்டை அப்பாவிடம் காட்டி, பிள்ளைக்குப் படிப்பில் மனசு இல்லை, தையல் ஏதாவது பழக்குங்கள் என்றார். பக்கம் பக்கமாக ஒரு கட்டம்கூடத் தப்பாமல் வரைந்திருந்தேன். அது அவர் கண்ணுக்குப் படவில்லை. அப்பா நோட்டைக் கிழித்துப் போட்டார். மாமாவுக்காக யோசித்த பெரிய மாளிகையில் பாதி அதில் இருந்தது.

மாமாவிடமிருந்து கடிதம் நின்றது அந்தச் சமயத்தில்தான். மாதம் ஒன்று தவறாமல் வந்துகொண்டிருந்தது. ஒரு மாதம் வரவில்லை. அடுத்த மாதமும் இல்லை. அப்பா கப்பல் ஏஜெண்டு ஆபீசுக்குப் போய்க் கேட்டார். கப்பல் எங்கேயோ துறைமுகத்துக்கு வெளியே நிற்கிறது, கவலைப்பட ஒன்றும் இல்லை என்றார்கள். தபால்காரன் சைக்கிளை நிறுத்தும் சத்தம் கேட்டால் அத்தை படிக்கட்டின் தலையில் வந்து நிற்பார். கீழே இறங்க மாட்டார். மணிச் சத்தம் அடுத்த கடைக்குப் போன பிறகு உள்ளே போவார்.

ஒரு வெள்ளிக்கிழமை அத்தை வேண்டிக்கொண்டார். ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், அணையாமல் விளக்கெரிப்பது. நாற்பத்தெட்டு நாளும் ஒரு நொடி அணையாமல் நின்றால் மாமா படியேறி வருவார். அப்பா முதலாளியிடம் போய்த் தயங்கித் தயங்கிக் கேட்டார். முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சாமி காரியம். வேணாம்னு என் வாயால சொல்ல மாட்டேன். ஆனா கீழ என்ன இருக்குன்னு உனக்கே தெரியும். ஒரு முழம் துணி கருகினாலும் நீ வேற வீடு பாத்துக்கணும் தம்பி."

முக்காலியின் மேல் தட்டு, தட்டில் மணல், மணலில் விளக்கு. அத்தை அவ்வளவு பத்திரமாகத்தான் வைத்தார். பக்கத்திலேயே பாய். கூடத்தில் மாட்டியிருந்த, வருஷம் முழுக்க ஒரே தாளில் போட்ட கடைக் காலண்டரில் ஒவ்வொரு நாளும் குளித்துவிட்டு வந்து ஒரு குங்குமப் பொட்டு வைப்பார்.

நான்காம் பொட்டோ ஐந்தாம் பொட்டோ வைத்த அன்று எனக்கு அந்த யோசனை வந்தது. அத்தையின் விளக்கு நாற்பத்தெட்டு நாள் அணையாமல் இருக்குமென்றால் என் பெட்டி ஏன் இருக்கக்கூடாது? டிவியை மட்டும் அணைத்துவிட்டுப் பெட்டியை அப்படியே விட்டால், கட்டியது கட்டியபடி உள்ளே இருக்கும். மாமா டேப் பெட்டியோடு வருவார். கேசட்டில் ஏற்றிவிடலாம். சோதித்துப் பார்த்தேன். மறுநாள் டிவியைப் போட்டதும் என் செங்கல் எல்லாம் வைத்த இடத்தில் நின்றன. 

அன்றிலிருந்து நான் பெட்டியை அணைக்கவில்லை.

விளையாட்டுப் பெட்டியில் விளக்கு எதுவும் எரியாது. அணைந்திருக்கிறதா, ஓடுகிறதா என்று பார்த்தால் தெரியாது. டிரான்ஸ்ஃபார்மரை ஒட்டுப்பலகையோடு சேர்த்துத் தள்ளி, மேலே அம்மா பின்னிய டிவித் துணியை இழுத்துவிட்டேன். அந்த உறுமல் சத்தத்தை அம்மா கடை மின்விசிறி என்றார், அப்பா தெருவில் நிற்கும் லாரி என்றார். பெரியவர்கள் ஒரு சத்தத்துக்குக் காரணம் கண்டுபிடித்துவிட்டால் பிறகு அதைக் கேட்பதே இல்லை.

ஆபத்து இஸ்திரியால் வந்தது. கூடத்தில் இருந்தது ஒரே ஒரு பிளக். அம்மா இஸ்திரி போட வந்தால் என் பெட்டியைத்தான் பிடுங்குவார். நான் முந்திக்கொண்டேன். "குடும்மா, நான் போடுறேன்" என்று துணியை அள்ளிக்கொண்டு கீழே கடைக்குப் போய், திரைச்சீலை மடிக்கிற மேசையில் இஸ்திரி போட்டுக்கொண்டு வருவேன். ஒரு மாதம், தினமும். அம்மா பக்கத்து வீட்டாரிடம், "பொண்ணுக்குப் பொறுப்பு வந்திருச்சு" என்று சொன்னார். நான் கேட்டுக்கொண்டே படியேறினேன்.

மாளிகை வளர்ந்தது. ஒரு நாளைக்கு ஒரு மூலை. பதினொரு சாவி, ஒரு கதவு. எதிர்க்கடைப் பையன் எட்டு நாள் ஓடினான், ஒன்பதாம் நாள் வரவில்லை. கோபம். அப்படிப்பட்டதை இன்றைக்கும் யாராலும் கட்ட முடியாது என்று சத்தியம் செய்வேன்.

சூடு எப்போது தொடங்கியது என்று தெரியவில்லை. கால் அந்தப் பக்கம் போனால் தரைப்பலகை வெதுவெதுப்பாக இருக்கும், பூனை படுத்து எழுந்த இடம் மாதிரி. பிறகு வாசம். முதலில் பழைய மரப்பெட்டியைத் திறந்த மாதிரி. கொஞ்ச நாளில் தொண்டையில் நிற்கிற மாதிரி. அம்மா அத்தையின் எண்ணெயைக் குறை சொன்னார், கலப்பட எண்ணெய் என்று. அத்தை எண்ணெயை மாற்றினார். வாசம் போகவில்லை. திரியை மாற்றினார். போகவில்லை. நான் ஒரு தரம் துணியைத் தூக்கி இரும்புப் பெட்டியைத் தொட்டேன். விரலை உதறிக்கொண்டேன். மறுபடி மூடிவிட்டேன்.

முப்பத்தேழாம் பொட்டு வைத்த நாள், பள்ளி விட்டு வந்து சட்டைகூட மாற்றவில்லை. முதலாளி படியேறி வந்தார். எனக்குத் தெரிந்து அவர் மாடிக்கு வந்தது அதுதான் முதல் தடவை. அப்பா பின்னால் வந்தார்.

"என்னய்யா வாசம் இது. சேலை எடுக்க வந்த அம்மா கேக்குறாங்க, எங்கயோ கருகுதேன்னு."

இருவரும் நேரே சாமி இடத்துக்குப் போனார்கள். ஒட்டுப்பலகையில், தரையை ஒட்டி, சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குக் கருத்திருந்தது. நடுவில் பலகையின் தோல் கொப்புளித்து உரிந்திருந்தது.

அத்தை குனிந்து அதைப் பார்த்தார். நிமிர்ந்து விளக்கைப் பார்த்தார். "அண்ணே, விளக்கு முக்காலி மேல இருக்கு. இது கீழ கருகியிருக்கு. எப்படிண்ணே?"

"விளக்கெரியுற ரூம்ல கருகுனா வேற எதுனாலம்மா கருகும்?"

"பொறி விழுந்தா மணல்லதாண்ணே விழும். நான் பாத்துக்கிட்டேதானே இருக்கேன்."

முதலாளி பலகையை ஒரு தரம் விரலால் தட்டினார். "நான் ஒண்ணும் சொல்லல. உங்க வீட்டு விஷயம்." இறங்கிப் போய்விட்டார். அவர் திட்டியிருந்தால் தேவலாம் என்று அப்பா முகத்தில் எழுதியிருந்தது.

"இன்னும் பதினோரு நாள்தாண்ணே" என்றார் அத்தை. "நான் தூங்க மாட்டேன். தண்ணி வாளி பக்கத்துல வெச்சுக்கிறேன். அசையாம உக்காந்திருக்கேன். பதினோரு நாள்."

நான் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். என் குதிகாலுக்குப் பின்னால் பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. நான் சொல்ல வேண்டியது இரண்டே வார்த்தை: "என் பெட்டிப்பா." சொன்னால் என்ன நடக்கும் என்று கணக்குப் போட்டேன். எல்லாவற்றையும் கணக்குப் போடுகிற தலை அல்லவா. அப்பா பிளக்கைப் பிடுங்குவார். பெட்டி படியில் உருளும். பதினொரு சாவியும் போய்விடும். மாமா வந்து கேட்டால் கறுப்புத் திரையைத்தான் காட்ட வேண்டும். விளக்கை என்றால் நாளைக்கு வேறு ஒன்று ஏற்றிக்கொள்ளலாம். அப்படித்தான் நினைத்தேன். பன்னிரண்டு வயது என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் அந்த வயதில் எனக்கு எல்லாம் தெரியும் என்று மேலே நானே எழுதியிருக்கிறேன்.

அப்பா வாயால் ஊதவில்லை. தட்டில் கிடந்த சாமந்திப் பூவை எடுத்து, திரியை எண்ணெய்க்குள் மெல்ல அழுத்தினார். கோடு மாதிரிப் புகை எழுந்து கூரைக்குப் போனது. அத்தை அழவில்லை. கையை நீட்டி அந்தப் புகையைப் பிடிக்கப் போனார், பாதியில் கையை மடியில் போட்டுக்கொண்டார்.

அன்று மாலை எல்லாரும் பின்பக்கம் இருந்த நேரத்தில் நான் டிவித் துணியை விலக்கிப் பார்த்தேன். எங்கள் பக்கமும் பலகை கருத்திருந்தது, அந்தப் பக்கத்தைவிட இரண்டு மடங்கு. பின்பக்கம் கிடந்த தரை ஓடு ஒன்றைக் கொண்டுவந்து இரும்புப் பெட்டியை அதன்மேல் ஏற்றி, தடுப்பிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தேன். கரண்டை அணைக்கவில்லை. சுவரில் இருந்த காலண்டரைக் கழற்றி, தடுப்பில் தாழ்வாக ஓர் ஆணி அடித்து, கருப்புக்கு மேலே மாட்டினேன். பெரிய காலண்டர், அளவெடுத்த மாதிரி மறைத்தது. ஏன் கீழே மாட்டினாய் என்று அம்மா கேட்டபோது, உட்கார்ந்து படிக்க வசதி என்றேன்.

அத்தை சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். குளிர்ந்த விளக்கின் முன்னால் உட்கார்ந்தே இருந்தார். "நாம இல்லாத நேரம் திரும்ப ஏத்திட்டாங்கன்னா என்னங்க பண்றது?" என்று அம்மா அப்பாவிடம் கேட்டார். இரண்டாம் நாள் காலையில் அப்பா அத்தையை அக்கரையில் உள்ள நிபோங் திபாலுக்கு அழைத்துக்கொண்டு போனார். செம்பனைத் தோட்டத்தில் சித்தப்பா வீடு, கொஞ்ச நாள் இருந்துவிட்டு வரட்டும் என்றார். கடை வாசலில் திரிஷா, மூன்று சக்கர சைக்கிள் வண்டி, நின்றது. பெரிப் படகு ஏறும் துறைக்குப் போக வேண்டும். அத்தை பையை மடியில் வைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். என்னைக் கிட்டே கூப்பிட்டார்.

"மாமா வந்தா மொத உன் வெளையாட்டத்தான் கேப்பாரு. அத பத்திரமா வெச்சிரு பாப்பா."

தெரிந்து சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா? ஒட்டுப்பலகைக்கு அந்தப் பக்கம், உறுமலுக்கு நேராகத் தலைவைத்துத்தான் அவர் ஒரு மாதம் படுத்திருந்தார். இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து ஏஜெண்டு ஆபீஸ் ஆள் கடைக்கு வந்தார். கையில் ஆங்கிலத்தில் ஒரு கடிதம். அப்பா அதை மேலே கொண்டுவந்து, நின்றபடியே அம்மாவுக்குச் சொன்னார். இரண்டு துறைமுகத்துக்கு நடுவில், நடுக்கடலில், மாமாவைக் கப்பலில் காணவில்லை. காலையில் வேலைக்கு வரவில்லை. தேடினார்களாம். அவ்வளவுதான். உடம்பு இல்லை. பொருட்களை அனுப்பி வைப்பார்களாம்.

"தேதி போட்டிருக்கா?" என்றார் அம்மா.

அப்பா தேதியைச் சொன்னார். அம்மா காலண்டரிடம் போனார். எண்ணிப் பார்க்கத் தரையில் வைத்துக்கொள்ளலாம் என்று ஆணியிலிருந்து அதைத் தூக்கினார்.

 அம்மா காலண்டரைக் கையில் பிடித்தபடி பலகையைப் பார்த்தார். கருப்பைப் பார்த்தார். குனிந்து, துணிக்கு அடியில், ஓட்டின் மேல் உறுமுகிற பெட்டியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். திட்டுவார், அடிப்பார், அப்பாவைக் கூப்பிடுவார் என்று நின்றேன். அம்மா காலண்டரிடம் திரும்பினார். பொட்டு வைத்த கட்டங்களின் மேல் விரலை ஓட்டினார். கடைசிப் பொட்டைத் தாண்டி ஒன்று, இரண்டு, மூன்று.

"வெளக்க குளுர வெச்ச மூணாம் நாளுங்க" என்றார்.

காலண்டரை எடுத்த ஆணியிலேயே, எடுத்த மாதிரியே திரும்ப மாட்டினார். நேராக இருக்கிறதா என்று கையால் ஒரு தரம் தள்ளி வேறு பார்த்தார். அப்பா தரையில் உட்கார்ந்துவிட்டார். பூவைப் பிடித்த கையை இன்னொரு கையால் மூடிக்கொண்டிருந்தார்.

அம்மா ஏன் சொல்லவில்லை என்று எத்தனையோ வருஷம் யோசித்திருக்கிறேன். என்னைக் காப்பாற்றினார் என்று முதலில் நினைத்தேன். நானும் குடும்பம் நடத்திய பிறகு வேறு மாதிரி தோன்றுகிறது. சொன்னால் அத்தை திரும்பி வருவார், வந்தால் யார் முகத்தை யார் பார்ப்பது? வீடும் போகலாம். சுவரில் இருக்கிற கருப்பைவிட அதை மூடின காலண்டர் அவருக்கு வசதியாக இருந்தது. இரண்டு பேரும் சேர்ந்து மூடினோம். அதைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

மறுநாள் மாலை ஆறு மணிக்கு டிவியைப் போட்டேன். மாளிகை அப்படியே இருந்தது. கீழே இடது மூலையில் குட்டி மனிதன் நின்றுகொண்டிருந்தான். அவனைக் கதவுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. கட்டியவள் நான், வரிசை எனக்குத் தெரியும். ஐந்து சாவி எடுத்தேன். ஆறாவதில் ஒரு கட்டம் தள்ளிக் குதித்துவிட்டேன். அடியில் போய் விழுந்தான். காவல்காரர்கள்கூட அங்கே வர முடியாத மாதிரி அந்தக் குழியைக் கட்டியிருந்தேன். இடது பக்கம் நடந்தான், சுவர். வலது பக்கம் நடந்தான், சுவர். நான் பொத்தானிலிருந்து கையை எடுத்த பிறகு சும்மா நின்றான். மேலே பார்க்கக்கூட அந்த விளையாட்டில் வழியில்லை.

பிளக்கைப் பிடுங்கினேன். உறுமல் நின்ற பிறகுதான் அந்த வீட்டில் எவ்வளவு சத்தம் இருந்தது என்று தெரிந்தது. அம்மா பின்பக்கத்திலிருந்து, "என்னாச்சு?" என்றார். "ஒண்ணுமில்லம்மா" என்றேன்.

அப்பா அதற்குப் பிறகு எந்த விளக்கையும் தொட்டதில்லை. கோயிலில் தீபாராதனைத் தட்டு வந்தால் பின்னால் நகர்ந்துகொள்வார். தான் மச்சானைக் கொன்றுவிட்டதாக நினைத்துக்கொண்டே செத்துப்போனார். அவரிடம் சொல்லப் பதினெட்டு வருஷம் இருந்தது எனக்கு. அம்மாவும் போய்விட்டார்.

அத்தை இருக்கிறார். என் வேன் நன்றாக ஓடத் தொடங்கியதும் நானே நிபோங் திபால் போய் அழைத்துவந்துவிட்டேன். பாயான் பாருவில் என் வீட்டில் தனி அறை, ஏர்கான், தனி டிவி. ஊரில் என்னைப் புகழ்கிறார்கள், சொந்த மகள்கூட இப்படிப் பார்க்க மாட்டாள் என்று. என் மருமகள் மாலையில் விளக்கேற்றும்போது அத்தை எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். ஒரு தடவை மருமகள் ஏன் என்று கேட்டுவிட்டாள். "அன்னிக்குத் திரிய கொஞ்சம் வெளிய இழுத்து விட்டுட்டேன்மா. எனக்குத்தான் கவனம் பத்தல" என்றார். முக்காலி மேலே விளக்கு, கீழே கருகியிருக்கிறதே என்று கேட்ட அதே வாய். நாற்பது வருஷத்தில் அவரையே நம்ப வைத்துவிட்டார்கள். வைத்துவிட்டோம்.

விளக்கு நின்றிருந்தால் மாமா வந்திருப்பார் என்று நான் சொல்லவில்லை. நான் ஏழு வேனுக்கு இன்சூரன்ஸ் எடுக்கிறவள், அதையெல்லாம் நம்புகிறவள் இல்லை. ஆனால் மூன்றாம் நாள் என்பது மூன்றாம் நாள்தான். அந்தக் கணக்கை மட்டும் என்னால் எந்தச் சந்திலும் திருப்பிவிட முடியவில்லை.

இனிப்பு நீர் நோயால் அத்தைக்குக் கண் மங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பசியாறிய பிறகு பத்திரிகையை நான்தான் அவருக்குப் படித்துக் காட்டுகிறேன். மரண அறிவித்தல் முதல் கதை கட்டுரை வரை, ஒன்று விடக் கூடாது. விட்டால் கண்டுபிடித்துவிடுவார், பக்கம் திருப்புகிற சத்தத்திலேயே. அந்தப் பத்திரிகைக்குத்தான் இதைப் பெயர் போடாமல் வெளியிடச் சொல்லி அனுப்புகிறேன். பெயர் என்ன பெயர், துணிக்கடை மாடி என்று படித்ததும் அவருக்குத் தெரிந்துவிடும். நான் நிறுத்தினால், "ம், படி" என்பார்.

படிக்கத்தான் போகிறேன்.